ஊருக்கு ஒரு டீசலா?

தீபாவளி அன்று காலையில் தெருவில் இறங்கி நடந்திருப்பீர்கள். மூக்கில் ஒரு நெடி ஏறும். தொண்டை கரகரக்கும். கண் எரியும். அதுதான் கந்தகத்தின் நெடி.

பட்டாசில் கந்தகம் இருக்கிறது. நாம் அடுப்பு பற்ற வைக்கும் தீக்குச்சியின் தலையிலும் கந்தகம் இருக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். டீசல் எண்ணெயிலும் கந்தகம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள். லாரியும் பஸ்சும் வருஷம் முழுவதும் ஓடுகின்றன.

டீசலில் கந்தகத்தை யாரும் கொண்டுபோய்க் கலப்பது இல்லை. பூமிக்கு அடியில் இருந்து கச்சா எண்ணெய் வரும்போதே அதுவும் கூட வருகிறது. சுத்திகரிப்பு ஆலையில் அதைப் பிரித்து எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால், டீசலோடு சேர்ந்து எஞ்சினில் எரிந்து, புகையாக வெளியே வரும். அந்தப் புகையை நாம் சுவாசிக்கிறோம்.

எவ்வளவு கந்தகம் இருக்கலாம் என்று உத்தரவு போடுவது சர்க்காரின் வேலை. நம் நாட்டில் அந்த உத்தரவு நல்லபடியாக நிறைவேறி இருக்கிறது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அது நிறைவேறுவதற்குள் ஓர் அநியாயமும் நடந்தது. அந்த அநியாயம் தீர்ந்துவிட்டது என்று எண்ணி இருந்தோம். இப்போது அது கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பத்து கிலோவும் பத்து கிராமும்

கந்தகத்தின் அளவை அதிகாரிகள் "பி.பி.எம்." என்ற கணக்கில் சொல்வார்கள். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது அதன் பொருள். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒரு டன் டீசலை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் ஆறு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு டன் ஆகும்.

1996-ம் ஆண்டுக்கு முன்பு, இந்த ஆறு பீப்பாய் டீசலில் 10 கிலோ வரை கந்தகம் இருந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் அது 2½ கிலோவாக இறங்கியது. 2005-ல் அரைக் கிலோ. 2010-ல் 350 கிராம். 2017-ல் 50 கிராம். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் 10 கிராம்தான்!

10 கிராம் எவ்வளவு? ஒரு சவரன் தங்கம் 8 கிராம். ஆறு பீப்பாய் டீசலில் ஒன்றேகால் சவரன் எடைக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. இதுதான் இன்றைய சட்டம்.

அமெரிக்காவில் லாரி, பஸ் டீசலுக்கு 2006-ம் ஆண்டு முதல் 15 கிராம் வரை அனுமதி உண்டு. ஐரோப்பாவில் 2009 முதல் 10 கிராம். நாம் பதினொரு ஆண்டு பின்தங்கிப் போய்ச் சேர்ந்தாலும், அமெரிக்காவை விடக் கண்டிப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இத்தனை பாடு எதற்கு?

கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இது எமன். மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். நல்ல தேகக்கட்டு உள்ளவருக்கும் இருமல் வரும்.

அதோடு போகவில்லை. அந்த வாயு காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலம் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத பொடித் துகளாகவும் மாறுகிறது. மூக்கில் உள்ள முடியோ, தொண்டையில் உள்ள சளியோ அதைத் தடுத்து நிறுத்த முடியாது. நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்கும்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தது. "உண்டாக்கலாம்" என்று அல்ல. "உண்டாக்கும்" என்றே அறிவித்தது.

பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். பஸ் புறப்படும்போது புகை எந்த உயரத்தில் வருகிறது? தகப்பனாரின் முழங்கால் உயரத்தில். கையைப் பிடித்து நிற்கும் குழந்தைக்கு அது முக உயரம்!

இன்னொரு காரணமும் உண்டு. வெளியே பேசப்படாத காரணம். ஆனால் முக்கியமானது.

இப்போது வரும் புதிய லாரிகளில் சைலன்சருக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. காப்பி வடிகட்டியில் பொடி நிற்பது போல, கரித்துகள் அதில் நின்றுவிடும். பிறகு எஞ்சின் சூட்டிலேயே அந்தக் கரி எரிந்து போகும். இதற்குத் துணையாகப் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகம் பூசிய பாகங்கள் உள்ளே இருக்கின்றன.

கந்தகம் இந்த உலோகப் பூச்சுக்கு விஷம். அதன் மேல் படிந்து, வேலை செய்ய விடாமல் அடித்துவிடும். எனவே கந்தகம் நிறைந்த டீசலை ஊற்றிக்கொண்டு, நல்ல எஞ்சினை மட்டும் வைத்துப் பயன் இல்லை. முதலில் எண்ணெய் சுத்தமாக வேண்டும். அப்புறம்தான் எஞ்சின். சட்டம் எண்ணெயில் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

பளிங்குக்கு முதல் பந்தி

கந்தகம் குறைந்த டீசல் நம் நாட்டில் முதல் முதலாக யாருக்குக் கிடைத்தது தெரியுமா?

1996-ம் ஆண்டு. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுக்குக் கிடைத்தது. ஐந்தாவதாக ஓர் இடத்துக்கும் கிடைத்தது. ஆக்ராவில் தாஜ்மஹாலைச் சுற்றி உள்ள வட்டாரம்!

காரணம் இல்லாமல் இல்லை. கந்தகப் புகையில் இருந்து வரும் அமிலம் வெள்ளைப் பளிங்கை அரித்துவிடும். தாஜ்மஹாலைக் காப்பாற்ற வேண்டும் என்று எம்.சி.மேத்தா என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் 1984-ம் ஆண்டு வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு டெல்லி நகரத்தின் காற்றுக்காகவும் ஒரு வழக்குப் போட்டார். அந்த வழக்குகள்தான் சர்க்காரைத் தட்டி எழுப்பின. இல்லாவிட்டால் இன்னும் தூக்கம் கலைந்திருக்குமோ என்னவோ.

தாஜ்மஹாலைக் காப்பாற்றியது தப்பு என்று சொல்ல வரவில்லை. நல்ல காரியம். ஆனால், பளிங்குக்கு முதல் பந்தி. பெருநகரத்து மனிதனுக்கும் முதல் பந்தி. பட்டிக்காட்டு மனிதனுக்கு எத்தனையாவது பந்தி?

அவனுக்கு இலை போட்டது 2017-ம் ஆண்டில்தான்.

2010-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு டன்னுக்கு 50 கிராம் கந்தகம் உள்ள நல்ல டீசல் 13 நகரங்களுக்கு மட்டும் என்று வகுத்தார்கள். சென்னை அந்தப் பட்டியலில் இருந்தது. மதுரை இல்லை. கோவை இல்லை. சோலாப்பூர் இருந்தது, சேலம் இல்லை. மற்ற ஊர்களுக்கு 350 கிராம். அதாவது, ஏழு மடங்கு கந்தகம்.

ஒரே நாடு. ஒரே கம்பெனியின் பங்க். நகர எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு டீசல், அந்தப் பக்கம் ஒரு டீசல். சென்னைக் குழந்தைக்கு ஒரு நுரையீரல், செங்கம் குழந்தைக்கு வேறு நுரையீரலா?

பிறகு ஒவ்வொரு ஊராகப் பட்டியலில் சேர்த்தார்கள். நாடு முழுவதற்கும் 50 கிராம் டீசல் வந்து சேர ஏழு ஆண்டு ஆயிற்று.

நாமக்கல் லாரி

நியாயத்தை விடுங்கள். இந்த ஏற்பாட்டால் நகரத்துக்காரனுக்காவது முழுப் பலன் கிடைத்ததா? அதுவும் இல்லை.

நாமக்கல்லில் இருந்து ஒரு லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டை லோடு. வழியில் ஏதோ ஒரு பங்கில் டாங்கியை நிரப்புகிறார் டிரைவர். 350 கிராம் கந்தக டீசல். விடிகாலையில் லாரி சென்னைக்குள் நுழைகிறது. அதன் டாங்கியில் இருப்பது எந்த ஊர் டீசல்? அது விடும் புகை எந்த ஊர்ப் புகை?

லாரி ஊர் எல்லையில் நின்று டீசலை மாற்றிக்கொண்டு வராது. புகையும் செக்போஸ்டில் நிற்காது.

மறுபக்கமும் பாருங்கள். நல்ல டீசலுக்காகவே செய்த எஞ்சினை ஒருவர் சென்னையில் வாங்குகிறார். அதை ஓட்டிக்கொண்டு வடக்கே போகிறார். வழி நெடுகக் கெட்ட டீசல். கந்தகம் படிந்து, விலை உயர்ந்த பாகம் வீணாகிறது. இந்தப் பயத்தால் நெடுந்தூரம் ஓட்டுகிற லாரிக்காரர்கள் பழைய மாதிரி எஞ்சினையே விரும்பினார்கள். தொழிற்சாலைகளும் அதையே செய்து தள்ளின. 13 ஊருக்கு மட்டும் சட்டம் போட்டதால், அந்த 13 ஊரின் காற்றும் எதிர்பார்த்த அளவுக்குச் சுத்தம் ஆகவில்லை.

இந்த நிலையில் சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டது. 2017-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி. பழைய தரத்தில் செய்த வண்டிகளை ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. கம்பெனிகளிடம் 8 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்காமல் கிடந்தன. பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். லாரி, பஸ்களும் இருந்தன. "எங்கள் முதல் போய்விடுமே" என்று கம்பெனிகள் முறையிட்டன. முதலாளிகளின் லாபத்தை விட ஜனங்களின் உடல்நலமே பெரிது என்று நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

அடுத்த இரண்டு நாள் ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம்! ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். நம் வாசகர்களிலும் சிலர் வாங்கி இருப்பீர்கள்.

ஒரு படி தாண்டினார்கள்

அதற்கு முந்தைய ஆண்டே மத்திய சர்க்கார் துணிச்சலாக ஒரு முடிவு எடுத்திருந்தது. ஆறாம் தர எஞ்சின் நாடு முழுவதும் வருவதற்கு 2024 வரை ஆகும் என்று ஒரு நிபுணர் குழு 2014-ல் அறிக்கை கொடுத்திருந்தது. இடையில் ஒரு படி ஏறி, பிறகு அடுத்த படி ஏறுவது என்பது திட்டம். 2016 ஜனவரியில் சர்க்கார் அந்தப் படியைத் தாண்டிவிட்டது. நான்காம் தரத்தில் இருந்து நேராக ஆறாம் தரம். நாள்: 2020 ஏப்ரல் 1.

முக்கியமான விஷயம்: இந்தத் தடவை ஊர் பேதம் பார்க்கவில்லை. டெல்லிக்கு, காற்று மிகவும் கெட்டுப் போனதால், இரண்டு ஆண்டு முன்னதாக 2018-ல் கொடுத்தார்கள். மற்றபடி சென்னைக்கும் செங்கத்துக்கும் ஒரே நாள். ஒரே டீசல்.

அந்த நாள் வந்தபோது நாடே ஊரடங்கில் இருந்தது. ரோட்டில் வண்டி இல்லை. பங்கில் கூட்டம் இல்லை. எவ்வளவு பெரிய காரியம் நடந்தது என்று யாரும் கவனிக்கவே இல்லை.

பெரிய காரியம்தான். சுத்திகரிப்பு ஆலைகள் இதற்காக 30,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்தன. கந்தகத்தை எப்படி எடுக்கிறார்கள்? டீசலை நன்றாகச் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து அனுப்புகிறார்கள். கந்தகம் டீசலை விட்டுவிட்டு ஹைட்ரஜனோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு வாயு உண்டாகும். அதில் இருந்து மஞ்சள் கந்தகத்தைப் பிரித்து எடுத்து விற்றுவிடுகிறார்கள். உரத் தொழிற்சாலைக்குப் போகிறது. நுரையீரலுக்குப் போக வேண்டியது வயலுக்கு உரமாகப் போகிறது!

கந்தகம் எடுத்த டீசலில் வழுவழுப்பு குறைந்துவிடும், பம்ப் தேய்ந்துவிடும் என்று லாரிக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. பொய் அல்ல. கந்தகத்தை எடுக்கும்போது எண்ணெயின் இயற்கையான வழுவழுப்பும் கொஞ்சம் போய்விடுகிறது. அதற்காக ஆலையிலேயே ஒரு மருந்து கலந்து அனுப்புகிறார்கள். பயப்பட வேண்டாம்.

"விலை ஏறிவிடும்" என்றும் பயந்தார்கள். கந்தகம் எடுக்கும் செலவுக்காக லிட்டருக்கு ஒரு ரூபாய் அளவில் கூடும் என்று அப்போது பேசப்பட்டது. சரி. அடுத்த மாதமே, 2020 மே மாதம், மத்திய சர்க்கார் டீசல் மீது லிட்டருக்கு 13 ரூபாய் வரியைக் கூட்டியது. கச்சா எண்ணெய் விலை அப்போது படுத்துக் கிடந்ததால் பங்கில் உடனே தெரியவில்லை. ஜனங்களின் உடல்நலத்துக்கு ஒரு ரூபாய் என்றால் பெரிய விவாதம். கஜானாவுக்கு 13 ரூபாய் என்றால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகிறது!

லாரிக்காரர் கஷ்டம்

இந்தச் சட்டத்தால் கஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது.

புதிய லாரியின் விலை கூடிவிட்டது. அதில் டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் வண்டி இழுக்காது. வடிகட்டி அடைத்தால் விளக்கு எரியும். ரோட்டோர மெக்கானிக் தம் வாழ்நாள் அனுபவத்தால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லக் கூடியவர். அவரால் இந்த வண்டியைத் தொட முடியவில்லை. கம்ப்யூட்டரை மாட்டினால்தான் கோளாறு தெரியும். கம்பெனி ஆள் வரும் வரை லோடு ரோட்டில் கிடக்கிறது.

ஒரே ஒரு லாரி வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது பெரிய சோதனை. அவர் என்ன செய்கிறார்? பதினைந்து வருஷத்துப் பழைய லாரியையே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். நல்ல டீசல் ஊற்றினாலும் பழைய எஞ்சின் கரும்புகையைத்தான் கக்கும். கந்தகம் மட்டும் குறையும். அவரைத் திட்டிப் பயன் இல்லை. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க அவருக்குக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். ரோட்டோர மெக்கானிக்குக்குப் பயிற்சி வேண்டும். ஐ.டி.ஐ.க்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. மாலை நேர வகுப்பு வைத்தால் என்ன?

கலப்படக்காரர்கள் விஷயத்தில் மட்டும் தயவு காட்டக் கூடாது. மலிவாகக் கிடைக்கிற மண்ணெண்ணெயையும் கண்ட எண்ணெயையும் டீசலில் கலந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆலையில் கோடி கோடியாகச் செலவழித்து எடுத்த கந்தகத்தை, ஒரு கேன் எண்ணெயில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். லாரிக்காரரின் வடிகட்டியும் போயிற்று, நம் காற்றும் போயிற்று. பங்கில் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

மறுபடியும் பட்டியல்

இனி, கொல்லைப்புறமாக வந்த அநியாயத்துக்கு வருவோம்.

டீசலில் மட்டுமா கந்தகம் இருக்கிறது? நிலக்கரியிலும் இருக்கிறது. இந்திய நிலக்கரியில் ஒரு டன்னுக்குச் சுமார் 5 கிலோ! அதை எரித்துத்தான் அனல் மின்சாரம் எடுக்கிறோம். புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2015-ம் ஆண்டு டிசம்பரில் சர்க்கார் உத்தரவு போட்டது. இரண்டு ஆண்டு கெடு. கெடு தள்ளிப் போயிற்று. மறுபடி தள்ளிப் போயிற்று.

2025-ம் ஆண்டு ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சகம் புதிய உத்தரவு போட்டது. பத்து லட்சம் ஜனத்தொகைக்கு மேல் உள்ள நகரங்களுக்கும் டெல்லி வட்டாரத்துக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மின் நிலையங்கள் 2027 டிசம்பருக்குள் கருவி வைக்க வேண்டும். காற்று ஏற்கெனவே கெட்டுப்போன வேறு சில இடங்களை நிபுணர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். மற்ற நிலையங்களுக்குக் கருவி தேவை இல்லை. நாட்டில் உள்ள மின் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இப்படித் தப்பிவிட்டன.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக வாயுவின் அளவும் வரம்புக்குள் இருக்கிறது, கருவிக்கு ஏராளமாகச் செலவாகும், மின்சாரக் கட்டணம் ஏறும் என்று சர்க்கார் காரணம் சொல்கிறது. செலவு உண்மைதான். ஆனால் அந்த வாயு காற்றில் போகப் போகப் பொடித் துகளாக மாறி, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்கிறதே! வாயுவை மட்டும் அளந்துவிட்டுத் துகளை மறந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்?

மறுபடியும் நகரத்துக்கு ஒரு சட்டம், நாட்டுப்புறத்துக்கு ஒரு சட்டம். மறுபடியும் ஒரு பட்டியல். 13 நகரப் பட்டியல் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். பத்தாவது கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பு. பதினோராவது கிலோமீட்டரில் புகைபோக்கிக்கு அடியில் குடியிருப்பவர் என்ன பாவம் செய்தார்?

டீசல் விஷயத்தில் ஆலைகளும் பணம் இல்லை என்றன, கம்பெனிகளும் நாள் போதாது என்றன. அப்படி இருந்தும் நாள் குறித்து முடித்துக் காட்டிய சர்க்கார் இதே சர்க்கார்தான். எல்லா மின் நிலையங்களுக்கும் ஒரே நாளில் கருவி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பெரிய நிலையம் முதலில், சிறியது அடுத்து என்று வரிசை வைக்கட்டும். ஐந்து ஆண்டோ, ஏழு ஆண்டோ, ஒரு நாளைக் குறிக்கட்டும். ஆனால் "உங்களுக்குக் கிடையவே கிடையாது" என்று ஒரு ஊரைப் பார்த்துச் சொல்லும் அந்த ஜூலை உத்தரவை அமைச்சகம் திரும்பப் பெற வேண்டும். வருகிற பாராளுமன்றக் கூட்டத்தில் நம் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இதைக் கேட்பார்களா?